ஹோம் தியேட்டருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறீர்களா? வாட்ஸைக் கடைசியில் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கழிகிறது. முதல் வாரம் பாட்டு, இரண்டாவது வாரம் கேம்ஸ், மூன்றாவது வாரம் சினிமா. நான்காவது வாரத்தில்தான் ஒரு சந்தேகம் வருகிறது. படம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சத்தம் மட்டும் ஏன் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது? உடனே 5.1 ஹோம் தியேட்டர் ஆசை பிறக்கிறது. கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" என்பதுதான்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் ஆசிரியராக இருக்கும் என் மாமாவும் இதே இடத்தில்தான் வந்து நின்றார். "மாப்ளே, பெட்டியில 5000 வாட்ஸ்னு போட்டிருக்கு. வாங்கிடலாமா?" என்று போனில் கேட்டார். அவருடைய ஊருக்குப் போளூரிலிருந்தோ ஆலங்காயம் பக்கமிருந்தோ பஸ்ஸில் மலையேற வேண்டும். கனமான ஒரு பெட்டியை மலைக்குக் கொண்டுபோய், அது சரியில்லை என்று மறுபடி கீழே இறக்குவது சாதாரண வேலை அல்ல. எனவே முதல் முறையே சரியாக வாங்கியாக வேண்டும். அவருக்குச் சொன்ன விஷயங்களையே இங்கே விரிவாகத் தருகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இவை பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால், கம்ப்யூட்டரில் என்ன இணைப்பு இருக்கிறது, ஸ்பீக்கர் எப்படிப்பட்டது, அறை எவ்வளவு பெரியது, வீட்டில் மின்சாரம் எப்படி வருகிறது என்ற நான்கையும் முதலில் பார்க்க வேண்டும். வாட்ஸ் கடைசியில்தான் வரவேண்டும்.

ஆம்ப்ளிஃபையர் செய்யும் மூன்று வேலைகள்

சவுண்ட் கார்டிலிருந்து வரும் சிக்னல் ஒன்று அல்லது இரண்டு வோல்ட் அளவிலானது. அதனால் ஒரு பெரிய ஸ்பீக்கரின் காயிலை அசைக்க முடியாது. இந்தச் சிக்னலுக்குப் போதிய பலம் கொடுப்பதுதான் ஆம்ப்ளிஃபையர். ஆனால் ஹோம் தியேட்டர் என்று வரும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை டிகோடிங். படத்தின் ஒலி டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். போன்ற வடிவங்களில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்து முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது, சப் ஊஃபர் என ஆறு தடங்களாக்க வேண்டும். 5.1 என்பதில் 5 என்பது ஐந்து முழு ஒலித் தடங்களையும், .1 என்பது தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டுமான சப் ஊஃபர் தடத்தையும் குறிக்கும். 1993ல் ஜுராசிக் பார்க் படத்துடன் தியேட்டர்களுக்கு வந்த டி.டி.எஸ்., பின்னர் டி.வி.டி. வழியாக வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது வேலை, வால்யூம், பேஸ் போன்ற கட்டுப்பாடுகள். மூன்றாவது வேலைதான் பலம் கூட்டுவது.

மூன்றையும் ஒரே பெட்டியில் செய்வது ஏ.வி. ரிசீவர். நம் ஊர்க் கடைகளில் செய்து தரப்படும் அசெம்பிள்டு 5.1 ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு வேலைகளை மட்டுமே செய்யும். இங்கேதான் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. டிகோடிங் வேலையை உங்கள் கம்ப்யூட்டரே செய்துவிடும்! வி.எல்.சி. போன்ற இலவச பிளேயரே இதற்குப் போதும். எப்படி இணைப்பது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பெட்டியில் உள்ள வாட்ஸை நம்பலாமா?

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. வாட்ஸ். இதை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு எந்தத் தரநிலையும் கிடையாது. தயாரிப்பாளர் விரும்பும் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதாவது, தொடர்ந்து தரக்கூடிய பவர். இந்தக் குழப்பம் புதியதும் அல்ல. விளம்பரங்களில் வாட்ஸை இஷ்டத்துக்குப் போடுகிறார்கள் என்பதால் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974லேயே இதற்கென ஒரு விதியைக் கொண்டுவந்தது.

ஆர்.எம்.எஸ். என்று போட்டிருந்தாலும் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது, 6 ஓம்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷனுடன் அளந்தால் ஓர் எண் வரும். இரண்டு சேனல்கள் இயங்கும்போது, 8 ஓம்ஸில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்குக் குறைவான டிஸ்டார்ஷனுடன் அளந்தால் வேறு எண் வரும். ஒரே ரிசீவரிலேயே முதல் எண் இரண்டாவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். இரண்டாவது எண்ணைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அது எத்தனை வாட்ஸ் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கும். சுவரிலிருந்து 60 வாட்ஸ் எடுக்கும் பெட்டி ஸ்பீக்கருக்கு 5000 வாட்ஸை எங்கிருந்து தரும்? எடுப்பதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். வழக்கமான ஏ.பி. கிளாஸ் ஆம்ப்ளிஃபையரில் சுமார் பாதிதான் ஸ்பீக்கருக்குப் போகும். டி கிளாஸ் என்றால் 85 சதவீதம் வரை போகும்.

அசெம்பிள்டு செட் என்றால் ஸ்டிக்கர் இருக்காது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உள்ளே என்ன ஐ.சி. அல்லது ட்ரான்சிஸ்டர்? ட்ரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்? உதாரணமாக, நம் ஊரில் மிகப் பிரபலமான 4440 ஐ.சி. போர்டை எடுத்துக்கொள்வோம். கார் ஸ்டீரியோக்களுக்காக வந்த இந்த ஐ.சி. ஸ்டீரியோவில் ஒரு சேனலுக்கு 6 வாட்ஸ் தரும். பிரிட்ஜ் முறையில் ஒரே சேனலாக இணைத்தால் 19 வாட்ஸ் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 12 வோல்ட், 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் பெருக்கிப் பாருங்கள், மொத்தமே 60. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை சைபர் இருந்தாலும் ட்ரான்ஸ்ஃபார்மர் பொய் சொல்லாது.

அப்படியென்றால் எத்தனை வாட்ஸ் தேவை?

மாமாவின் ஹால் 12 அடிக்கு 15 அடி. ஸ்பீக்கருக்கும் உட்காரும் இடத்துக்கும் 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர். இதை வைத்தே கணக்குப் போடுவோம்.

ஸ்பீக்கரின் விவரத்தில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் சத்தம் கேட்கும் என்று பொருள். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 10 டெசிபல் குறைந்து 78 ஆகும். படத்தில் சாதாரணமாகப் பேசும் வசனத்துக்கு 70 டெசிபல் போதும். அப்படியென்றால் பெரும்பாலான நேரம் ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்கூட இல்லை!

ஆனால் வெடிச்சத்தம் வரும் அந்த ஒரு நொடிக்குத்தான் பவர் தேவை. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் 10 மடங்காக வேண்டும். 10 டெசிபல் கூடினால்தான் நம் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றும். இந்தக் கணக்குப்படி 3 மீட்டரில் 90 டெசிபலுக்கு 16 வாட்ஸ், 95 டெசிபலுக்கு 50 வாட்ஸ் தேவைப்படும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் நடைமுறையில் இன்னும் குறைவாகவே போதும். 95 டெசிபல் என்பது வீட்டுக்கு நிறையவே அதிகம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான். இரண்டு, 88க்குப் பதில் 91 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்ப்ளிஃபையரை இரண்டு மடங்காக்கிய அதே பலன் கிடைக்கும். எனவே பணம் மிச்சமிருந்தால் அதை ஸ்பீக்கரில் போடுங்கள்.

அறையின் அமைதியும் ஒரு கணக்கு. மலையின் மறுபக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல் பயன்பாட்டுக்கு வந்தது. நகர வெளிச்சம் இல்லாத இருட்டு வானத்துக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இருட்டு அதிகமாக இருந்தால் மங்கலான நட்சத்திரமும் தெரியும் அல்லவா? ஒலியும் அப்படித்தான். பின்னணிச் சத்தம் 10 டெசிபல் குறைவாக உள்ள வீட்டில், மெல்லிய ஒலிகளை அதே தெளிவுடன் கேட்க பத்தில் ஒரு பங்கு பவரே போதும். மெயின் ரோட்டு வீட்டுக்குச் சொல்லும் வாட்ஸ் அமைதியான மலையூருக்குத் தேவையில்லை.

ஓம்ஸ் பொருந்த வேண்டும்

ஸ்பீக்கரின் பின்னால் 4, 6 அல்லது 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும். ஆம்ப்ளிஃபையரின் பின்னாலும் அது தாங்கக்கூடிய குறைந்தபட்ச ஓம்ஸ் எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் எண் ஆம்ப்ளிஃபையரின் குறைந்தபட்சத்தைவிடக் குறையக் கூடாது என்பதே விதி. 8 ஓம்ஸ் கேட்கும் ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும். சூடாகி, கடைசியில் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும். பழைய ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு ஆம்ப் மட்டும் புதிதாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவற்றில் பல 3 அல்லது 4 ஓம்ஸ் கொண்டவை.

கம்ப்யூட்டரை எப்படி இணைப்பது?

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்த பிறகே ஆம்ப்ளிஃபையரைத் தேர்வு செய்யுங்கள்.

1. எச்.டி.எம்.ஐ.: ஏ.வி. ரிசீவர் வாங்குபவர்களுக்கு இதுவே சிறந்த வழி. கம்ப்யூட்டரிலிருந்து ரிசீவருக்கு ஒரு கேபிள், ரிசீவரிலிருந்து டி.வி.க்கு ஒரு கேபிள். படம், 5.1 ஒலி இரண்டும் ஒரே கேபிளில் போகும். கேம்ஸின் 5.1 ஒலியும் அப்படியே கிடைக்கும்.

2. ஆப்டிகல்: இதில் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஆகியவை சுருக்கிய வடிவிலேயே போய் ரிசீவரில் பிரியும். வி.எல்.சி.யின் ஆடியோ அமைப்பில் பாஸ்த்ரூ என்பதை இயக்க வேண்டும். ஆனால் சுருக்கப்படாத ஒலி இதில் ஸ்டீரியோவாக மட்டுமே போகும். அதனால் சாதாரண சவுண்ட் கார்டில் கேம்ஸின் 5.1 இந்த வழியில் கிடைக்காது.

3. மூன்று அனலாக் ஜாக்குகள்: டெஸ்க்டாப்பின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிற ஓட்டைகள் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்னும் உள்ள கேபிள் மூன்று வாங்குங்கள். பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப் ஊஃபருக்கும். இந்த ஆறு பின்களையும் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபையரின் ஆறு இன்புட்களில் மாட்டினால் உண்மையான 5.1 தயார். டிகோடருக்கெனத் தனியாகச் செலவு இல்லை.

மூன்றாவது வழியில் மாட்டியபின் விண்டோஸின் சவுண்ட் பகுதியில் பிளேபேக் டேபில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பட்டனை அழுத்தி, 5.1 சரவுண்ட் என்று மாற்றுங்கள். அங்குள்ள டெஸ்ட் பட்டன் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கச் செய்யும். நடு ஸ்பீக்கரின் ஒலி சப் ஊஃபரில் வந்தால் பயப்பட வேண்டாம். ஆரஞ்சு கேபிளின் இரண்டு பின்களையும் இடம் மாற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

லேப்டாப்பில் ஒரே ஒரு ஹெட்ஃபோன் ஜாக்தான் இருக்கும். அதிலிருந்து ஸ்டீரியோ மட்டுமே வரும். எனவே லேப்டாப் வைத்திருப்பவர்கள் எச்.டி.எம்.ஐ. வழியைப் பார்ப்பது நல்லது.

பெயருக்கு 5.1

ஆறு ஸ்பீக்கர் இருந்தால் எல்லாம் 5.1 ஆகிவிடாது. பின்னால் இரண்டே இரண்டு இன்புட், அல்லது பென்டிரைவ், ப்ளூடூத் மட்டும் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் ஸ்டீரியோ ஒலியைத்தான் ஆறு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும். பாட்டுக் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் படத்தில் ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வராது. ஆறு தனித்தனி இன்புட், அல்லது டிகோடருடன் கூடிய ஆப்டிகல், எச்.டி.எம்.ஐ. இணைப்பு, இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மின்சாரம் எப்படி வருகிறது?

வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கி, மாலை 7 மணிக்கு உங்கள் வீட்டு பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். மின்மாற்றியிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது நமக்குத் தெரிந்ததே. 230க்குப் பதில் 180 வோல்ட் வந்தால், சாதாரண ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையரின் பவர் சுமார் 60 சதவீதமாகக் குறைந்துவிடும். 100 வாட்ஸ் என்று வாங்கியது 60 வாட்ஸ் ஆகிவிடும். வால்யூம் ஏற்றினால் ஒலி உடையும். இந்த நிலையில் இன்னும் பெரிய ஆம்ப் வாங்குவது தீர்வாகாது. ஒரு ஸ்டெபிலைசர் வாங்குவதே தீர்வு. 100-240 வோல்ட் என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். வகை என்றால் இந்தப் பிரச்சினை குறைவு.

கம்ப்யூட்டருக்காக வாங்கிய 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் ஆம்ப்ளிஃபையரையும் மாட்டாதீர்கள். அது கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் மட்டுமே. அதே சமயம் கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் எர்த் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தால் 'ம்ம்ம்' என்ற ஹம்மிங் கேட்கும். எனவே யு.பி.எஸ்., ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் எர்த் உள்ள ஒரே சுவர் போர்டிலிருந்து எடுங்கள். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும் டிஷ் ஆன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். மலைப் பகுதிகளில் இதை வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிசீவரா, அசெம்பிள்டு செட்டா?

இரண்டுக்கும் நிறை குறைகள் உண்டு. ஏ.வி. ரிசீவரில் டிகோடர், எச்.டி.எம்.ஐ., ரிமோட், ஸ்பீக்கர் தூரத்தைச் சரிசெய்யும் வசதி எல்லாம் இருக்கும். கேரண்டி இருக்கும். ஆனால் எச்.டி.எம்.ஐ. போர்டு போனால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அருகில் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

அசெம்பிள்டு செட்டுக்கு வேண்டிய எல்லாப் பாகங்களும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். டி.வி., ரேடியோ ரிப்பேர் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைச் சரிசெய்துவிடுவார். ஆனால் 5200, 1943 போன்ற பிரபல ட்ரான்சிஸ்டர்களில் போலிகள் அதிகம். நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்க வேண்டும்.

மாமாவிடம் இருப்பது மூன்று ஜாக் உள்ள டெஸ்க்டாப். கீழே டவுனில் தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார். அதனால் ஆறு இன்புட் உள்ள அசெம்பிள்டு செட்டையே சிபாரிசு செய்தேன். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் ஒரு சேனலுக்கு 40 முதல் 50 வாட்ஸ் வரை கிடைக்கும். ஐந்து சேனலும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது அபூர்வம் என்பதால் இது போதும். சப் ஊஃபரைத் தனி ஆம்ப்ளிஃபையர் உள்ள ஆக்டிவ் வகையாக வாங்கச் சொன்னேன். அதிகப் பவர் கேட்பது அதுதான். மற்ற ஐந்தின் சுமை இதனால் குறையும். மீதிப் பணம் ஸ்டெபிலைசருக்கு. இதுவே லேப்டாப் மட்டும் உள்ள வீடு என்றால் ஏ.வி. ரிசீவரைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைக்குப் போகும் முன்

கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள ஒலி இணைப்புகள்: மூன்று ஜாக்கா, ஆப்டிகலா, எச்.டி.எம்.ஐ.யா?

2. ஸ்பீக்கரின் ஓம்ஸ், சென்சிட்டிவிட்டி.

3. அறையின் நீளம், அகலம், உட்காரும் தூரம்.

4. மாலை நேர வோல்டேஜ்.

5. ஆம்ப்ளிஃபையர் வைக்கும் இடம். மேலேயும் பக்கவாட்டிலும் நான்கு விரற்கடையாவது காற்றோட்டம் வேண்டும். மூடிய அலமாரி கூடாது.

6. ஸ்பீக்கர் வயரின் நீளம். வீட்டு ஹாலுக்கு 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர் போதும். விலை உயர்ந்த ஸ்பெஷல் வயர் தேவையில்லை.

கடையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு படத்தை பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சண்டைக் காட்சியை வைக்காதீர்கள், அதில் எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒரே மாதிரி அதிரும். மழைக்கு நடுவே இருவர் மெல்லப் பேசும் காட்சியை வையுங்கள். வசனம் நடு ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கிறதா, மழை நாலா பக்கமும் பெய்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், அதன்பிறகு வாட்ஸ் எத்தனை என்று கேளுங்கள்.